கதிரியக்க மூலம் வாங்கும் முன்...

விழுப்புரம், திண்டிவனம் பக்கக் கல்லூரி ஆய்வகங்களுக்குக் கதிரியக்க மூலம் தேவையா? பணம் கட்டுமுன் இவற்றைக் கவனியுங்கள்.

1. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் 'இ-லோரா' தளத்தில் கல்லூரியைப் பதிவு செய்யுங்கள். விண்ணப்பம் அந்த வழியாகத்தான் போகும்.

2. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்கு வாரிய ஒப்புதல் வாங்குங்கள். மூலத்தின் கணக்கும் காவலும் அவர் பார்வையில் இருக்க வேண்டும்.

3. டி.எல்.டி. பட்டையை மார்பில் அணியுங்கள். ஈயக் கவசம் போட்டால் அதற்கு உள்ளே. உடம்பில் பட்ட கதிர்வீச்சின் அளவை அதுதான் சொல்லும்.

4. பழைய மூலத்தைக் காயலான் கடைக்குப் போடவே போடாதீர்கள். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் சும்மா கிடந்த காமா கருவி, 2010-இல் ஏலம் போய், டெல்லி மாயாபுரியில் ஒரு காயலான் கடையில் உடைக்கப்பட்டது. உள்ளே கோபால்ட்-60! கடைத் தொழிலாளி ஒருவர் இறந்தார். பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அதனால் பழைய மூலத்தை வாரிய அனுமதியோடு, விற்றவரிடமே திருப்பி அனுப்புங்கள்.