வீட்டின் வரைபடம்

மட்டாஞ்சேரி, எர்ணாகுளம்

அன்புள்ள தம்பிக்கு,

முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 கண்காட்சிக்கு நீ வரைந்தது வந்து சேர்ந்தது. முள்வேலி, மெழுகுவர்த்தி, ரத்தச் சிவப்பில் ஒரு கை. நான் பார்த்த கண்காட்சிகளிலெல்லாம் இதே முள்வேலிதான். ஊரும் ஆண்டும் மட்டும் மாறும். ஆனால் கூடவே நீ கேட்டிருந்த கேள்வி நல்ல கேள்வி: கண்ணால் பார்க்காததை வரைய எனக்கு என்ன உரிமை?

அதற்கு முன் ஒரு சண்டை. போன விடுமுறையில் இங்கே பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தை நேரில் பார்த்தவன், உன் குறிப்பில் அதை 'ஹிட்லருக்குத் தப்பி வந்தவர்களின் கோயில்' என்று எப்படி எழுதினாய்? அது 1568இல் கட்டியது. கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். 1662இல் அதைச் சேதப்படுத்தியவர்கள் போர்ச்சுக்கீசியர். அடுத்த ஆண்டு ஒல்லாந்தர் கொச்சியைப் பிடித்த பிறகுதான் பழுது பார்த்தார்கள். இஸ்ரேல் உருவான பின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் தாங்களாகவே புறப்பட்டுப் போனார்கள். யூதர் என்றதும் கை தானாக வதைமுகாம் என்று எழுதினால் அதற்குப் பெயர் சோம்பல். நடந்ததை இல்லை என்று சாதிப்பவனுக்கு நம் ஒரு தப்பு போதும்.

இனி உரிமை. 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து அதை மீண்டும் கட்ட வைத்தார்கள். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த 2009இல் அவர்கள் சிறு பிள்ளைகள். உனக்கு என்ன உரிமை என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. உன்னையும் கேட்க மாட்டார்கள். என்ன வரைந்தாய் என்றுதான் கேட்பார்கள்.

எதை வரைவது? நாஜிகளின் தெரேசின் முகாமில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் யூதக் குழந்தைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். இரண்டு பெட்டிகளில் அவர் விட்டுச்சென்ற குழந்தைகளின் படங்கள் ஏறத்தாழ 4,500. பிராகில் இருக்கும் அந்தப் படங்களில் வீடும் பூவும் நிறைய.

வீடு என்றதும் எனக்குத் தாமோதரம்பிள்ளை சனாதனன் நினைவுதான். யாழ்ப்பாணத்து ஓவியர். 2011இல் வந்த அவருடைய புத்தகத்தைச் சொல்லாமல் நான் எந்த வகுப்பையும் முடித்ததில்லை என்று நீங்களெல்லாம் கேலி செய்வது தெரியும். செய்யுங்கள். இலங்கைப் போரில் வீடிழந்த தமிழ் பேசும் மக்களிடம் அவர் போய், 'உங்கள் வீட்டின் வரைபடத்தைப் போட்டுக் காட்டுங்கள்' என்றார். அவ்வளவுதான். படம் போட்டுப் பழகாத கைகள் கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எந்தப் பக்கம் என்று கோணல்மாணலாகப் போட்டன. அதையே ஒரு கட்டடக் கலைஞர் அளவோடு வரைந்தார். பிறகு சனாதனன் தம் ஓவியத்தைச் சேர்த்தார். புத்தகத்தின் பெயரில் 'தோம்பு' வரும். ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு அது. வரி வாங்க எழுதியது. அந்த வடிவத்தில் வீடிழந்தவர்கள் தங்கள் சொத்தைப் பதிந்துவிட்டார்கள். எந்தக் காலனி அதிகாரியும் இப்படி ஒரு பதிவேடு எழுதியதில்லை என்பேன். பக்கம் பக்கமாக ஒரு துளி ரத்தம் இல்லை. இரவில் படித்தால் தூக்கம் வராது.

2016இல் கொச்சி பினாலே கலைக் கண்காட்சிக்கு அவர் கொண்டுவந்தது நூலக அட்டை இழுப்பறைகள். போர்க்காலத்தை மக்கள் சமாளித்த கதைகள் அட்டைகளில். 1981இல் எரிந்த யாழ் நூலகத்தை அறிந்தவனுக்கு அந்த அலமாரியே போதும். இன அழிப்பை நினைவில் வைக்கப் புலம்பலைவிடக் கணக்கெடுப்பு மேல் என்பது என் கட்சி. கவிஞர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

நீ இருப்பது மதுரை. ஆனையூரிலேயே ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு போ. வயதான ஒருவரிடம் அவர் வீட்டைப் போட்டுக் காட்டச் சொல். பென்சில் அவர் கையில் இருக்கட்டும். யார் எப்படிச் செத்தார்கள் என்று நீயாகக் கேட்காதே. அவராகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேள். அவர் சம்மதம் இல்லாமல் பெயரைப் போடாதே. தேர்வு முடிந்ததும் போனால் போதும். கண்காட்சிக்குத் தாமதமானால் ஆகட்டும்.

உன் ஆசிரியர்