வைஃபைக் கோளாறும் அதற்குப் பரிகாரமும்

வரி ரசீது, பட்டா நகல், பயிர்க் காப்பீடு, சந்தை நிலவரம் ஆகிய பலவற்றுக்கும் இந்நாளில் குடியானவர்களும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் இணையத்தை நாட வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பை வீட்டினுள் கம்பியின்றிப் பரப்பித் தரும் சாதனம் ரவுட்டர் எனப்படும். அது நன்றாக இயங்கும்போதே ஒரு கைபேசி மட்டும் சேர மறுப்பதும், வேறொன்று சேர்ந்து சேர்ந்து அறுபடுவதும் உண்டு. இத்தகைய வேளையில் சிலர் கடவுச்சொல்லையே நீக்கிவிட்டு, ரவுட்டரைத் திறந்து போட்டுவிடுகின்றனர். இது, சாவி திரும்பவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும். கதவைக் கழற்றாமல் பூட்டைச் சீராக்கும் வழியை இங்கு விளக்குவோம்.

கோளாறு எங்கே?

முதலாவதாக, கோளாறு வெளியிலா, வீட்டினுள்ளா என்று பகுத்தறிதல் அவசியம். கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால், இழை அறுந்தோ மடங்கியோ ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். அப்போது இணைப்பு தருபவருக்கே தெரிவிக்க வேண்டும். ரவுட்டரில் எதை மாற்றியும் பயனில்லை.

மற்றக் கருவிகளுக்கு இணையம் வந்து, ஒன்றிரண்டு மட்டும் சேரவில்லையாயின், அவற்றின் பட்டியலில் நமது வைஃபையின் பெயர் தோன்றுகிறதா என்று பார்க்க. பழைய கருவிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும்; 5 கிகாஹெர்ட்ஸில் வரும் பெயர் அவற்றுக்குத் தோன்றாது. ஆகவே பெயரே தோன்றாவிடில், ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இயங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். பெயர் தோன்றி, கடவுச்சொல்லும் சரியாயிருந்து, அப்போதும் சேர மறுத்தால், பூட்டின் வகையை ஆராய வேண்டும்.

பூட்டின் வகைகள்

வைஃபைக்கு 1997-இல் ஏற்பட்ட முதற் பூட்டு 'டபிள்யூஇபி' என்பது. அதன் பலவீனத்தை 2001-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படுத்தினர். இன்று அது சில நிமிஷங்களில் உடைபடக் கூடியது. 2003-இல் இடைக்கால ஏற்பாடாக 'டபிள்யூபிஏ' வந்தது. அதில் உபயோகமான மறைப்பு முறை 'டிகேஐபி'. 2004-இல் 'ஏஇஎஸ்' என்னும் உறுதியான மறைப்பு முறையோடு 'டபிள்யூபிஏ2' வந்தது. அதற்கும் மேம்பட்ட 'டபிள்யூபிஏ3' 2018-இல் அறிமுகமாயிற்று.

புதிய ரவுட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் அமைந்திருந்தால், பழைய கைபேசி, அச்சு இயந்திரம், கண்காணிப்புக் காமிரா முதலியவை அப்பூட்டை அறியாமல் வெளியே நின்றுவிடும். இதற்கு மாறாக, பழைய ரவுட்டரில் டபிள்யூஇபி அல்லது டிகேஐபி இருந்தால், புதிய கைபேசிகள் எச்சரிக்கை காட்டும். சில சேரவும் மறுக்கும். மேலும், அவ்விரு முறைகளில் வேகம் வினாடிக்கு 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. அதிக வேகத்துக்குப் பணம் கட்டியும் பலன் கிட்டாமைக்கு இது ஒரு காரணம்.

செய்முறை

1. ரவுட்டரின் அடிப்புறச் சீட்டில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற முகவரியும், நிர்வாகப் பெயரும், கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். ரவுட்டருடன் கம்பியால் பிணைத்த கணினியில் அம்முகவரியை இட்டு உட்புகுக.

2. 'வயர்லெஸ்' என்ற பகுதியில் 'செக்யூரிட்டி' என்பதைத் திறக்க. மாற்றுமுன், இப்போதுள்ள அமைப்பை ஒரு தாளில் குறித்துக்கொள்க.

3. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறை இருப்பின் அதைத் தேர்ந்தெடுக்க. அதிலும் பழைய கருவி சேராவிடில், 'டபிள்யூபிஏ2-பிஎஸ்கே' என்பதையும் மறைப்பு முறையில் 'ஏஇஎஸ்' என்பதையும் தேர்க. இதற்குக் கீழே இறங்கலாகாது.

4. 'சேவ்' என்பதை அழுத்தி, ரவுட்டர் மீண்டும் இயங்கும்வரை பொறுத்திருக்க. பின்னர் ஒவ்வொரு கருவியிலும் பழைய இணைப்பின் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். கருவி பழைய பூட்டையே நினைவில் வைத்திருப்பதனால், இதைச் செய்யாவிடில் கோளாறு தீராதது போலவே தோன்றலாம்.

கவனிக்க வேண்டியவை

ரவுட்டரின் பின்புறச் சிறு துளையில் ஊசியால் அழுத்தி 'ரீசெட்' செய்வதை இயன்றவரை தவிர்க்க. அதனால் இணைப்பு தருபவர் பதிந்து வைத்த பயனர் பெயரும் அழிந்து, ஆள் வரும்வரை இணையமே இல்லாது போகக்கூடும். வைஃபைக் கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்துகள் கொண்டதாயிருத்தல் விதி. எனினும் அதைவிட நீண்டதே நன்று. தொலைபேசி எண்ணையும் வீட்டுப் பெயரையும் வைத்தலாகாது. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுக. 'டபிள்யூபிஎஸ்' எண் முறையின் குறைபாடு 2011-இல் வெளியாயிற்று. ஆகவே அதை நிறுத்திவைப்பது நலம். டபிள்யூபிஏ2-ஐ அறியாத மிகப் பழைய கருவியைக் கம்பியால் இணைக்கலாம், அல்லது மாற்றிவிடலாம். அது ஒன்றின் பொருட்டு வீடு முழுவதற்கும் பூட்டைத் தளர்த்துதல் தகாது.

திறந்த இணைப்பில் வழிப்போக்கர் ஒருவர் புகுந்து குற்றம் புரிந்தால், விசாரணை முதலில் வந்து நிற்பது இணைப்பு எவர் பெயரில் உள்ளதோ அவர் வாயிலில்தான். பஞ்சாயத்து அலுவலகமாயின் பொறுப்பு இன்னும் பெரிது. ஊராரின் வரிக் கணக்கும் விவரங்களும் உள்ள கணினி அவ்வலையிலேயே இருக்கிறது. அங்கு வருவோருக்கு இணையம் தர விரும்பினால், ரவுட்டரில் 'கெஸ்ட்' என்னும் தனி வலையை அமைத்து, அதற்கும் வேறொரு கடவுச்சொல் வைத்தல் வேண்டும்.

ஆகவே, பஞ்சாயத்துத் தலைவர்களும் அங்கத்தினர்களும் முதலில் தமது அலுவலக ரவுட்டரின் பூட்டு எவ்வகை என்பதைப் பார்த்தறிந்து, தேவையானால் மாற்றி, ஊராருக்கும் இம்முறையை எடுத்துரைப்பாராக. கால் மணி நேர வேலையில், அறுபடாத இணைப்பும் அச்சமற்ற உபயோகமும் ஒருங்கே கிட்டும்.