நீளக் குழல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ராஜபாளையத்தில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 11ஆவது பட்டாலியன் இருக்கிறது. அதனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இந்த வட்டாரம் முழுவதற்கும் எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைபிள்) துப்பாக்கி பழகிய காட்சி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா பாயும். அடுத்த தோட்டாவைத் துப்பாக்கி தானே ஏற்றிக்கொள்ளும். பார்வைக்குப் பழகிய இந்தத் துப்பாக்கியைப் பற்றித் தவறான நம்பிக்கைகளும் நிறைய உலவுகின்றன.

குழல் எவ்வளவு நீளமோ அவ்வளவு குறி தப்பாது என்பதுதான் அவற்றில் முதலாவது. இதை அறியாமை என்று தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் ஒரு காலத்தில் இதில் பாதி உண்மை இருந்தது. மலையடிவாரத்தில் வழங்கிய நாட்டுத் துப்பாக்கிகளில் வாய்வழியாகக் கரிமருந்தைக் கெட்டித்துச் சுடுவார்கள். கரிமருந்தின் அழுத்தம் குறைவு. அது தோட்டாவை வேகம் பிடிக்க வைக்க நீண்ட குழல் வேண்டியிருந்தது. 1880களில் புகையில்லா மருந்து வந்ததும் கணக்கு மாறியது. உயர்ந்த அழுத்தத்தில் எரியும் அந்த மருந்து, குழலின் முற்பகுதியிலேயே பெரும்பாலான வேலையை முடித்துவிடுகிறது. எஸ்.எல்.ஆர். குழல் ஏறத்தாழ 21 அங்குலம்; தோட்டா நொடிக்குச் சுமார் 840 மீட்டர் வேகத்தில் வெளியேறும். அதோடு ஓர் அங்குலம் கூட்டினால் கிடைப்பது நொடிக்கு ஏழெட்டு மீட்டர்தான். பாயின்ட் 22 ரைபிளில் இன்னும் தெளிவு: 16, 18 அங்குலத்துக்குள் மருந்தின் வேலை தீர்ந்துவிடும். அதற்கு மேல் போகும் நீளம் உராய்வால் தோட்டாவைத் தாமதப்படுத்தவே செய்யும்.

அதுவும் வேகக் கணக்கு மட்டுமே. குறி வேறு விஷயம். குழலின் விறைப்பு, உள்ளே வெட்டிய சுழல்வரியின் ஒழுங்கு, அந்தச் சுழற்சிக்கு ஏற்ற எடையுள்ள தோட்டா, குழல்வாயின் சுத்தமான விளிம்பு ஆகியவைதான் குறியைத் தீர்மானிக்கின்றன. நீளத்தால் ஒரு நன்மை உண்டு. குழலின் மேல் குறிபார்க்க உதவும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி கூடும்போது கண்ணின் பிழை குறையும். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியில் அந்த நன்மையும் இல்லை. ஒரே தடிமனில் நீளத்தை மட்டும் கூட்டினால் குழல் கூடுதலாக அதிரும். இரண்டு குழலில் குட்டையானதே அப்போது நன்றாகக் குறி தாங்கும்.

எடை குறைந்தால் நல்லது என்ற நம்பிக்கைக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1950களில் அமெரிக்காவின் ஆர்மலைட் நிறுவனம் ஏ.ஆர்.-10 என்ற துப்பாக்கியை உருவாக்கியது. எடையைக் குறைக்க, எஃகு உட்குழலின் மேல் அலுமினியக் கலவை போர்த்திய குழலை அதில் பொருத்தினார்கள். 1957 தொடக்கத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு ராணுவச் சோதனையில் அந்தக் குழல் வெடித்தது. பிறகு முழு எஃகுக் குழலுக்குத் திரும்பினார்கள். மெல்லிய குழல் சுமக்க எளிது, உண்மைதான். ஆனால் தொடர்ந்து சுடச் சுடச் சீக்கிரம் சூடேறும், சூடேறினால் குறி விலகும். துப்பாக்கி இலேசானால் தோளில் விழும் உதையும் கூடும். காலியாகவே நாலு கிலோவுக்கு மேல் இருக்கும் எஸ்.எல்.ஆரைத் தூக்கி நடக்கும் காவலருக்குப் பாரமாக இருப்பது, சுடும்போது அவருக்கே உதவுகிறது.

எல்லா எஸ்.எல்.ஆரும் ஒன்றுதான், ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேரும் என்றும் சொல்வார்கள். மூலம் ஒன்றுதான்: பெல்ஜியத்தின் எஃப்.என். எஃப்.ஏ.எல். பெல்ஜியர்கள் அதை மெட்ரிக் அளவில் செய்தார்கள். பிரிட்டன் தன் எல்1ஏ1-ஐ அங்குல அளவுக்கு மாற்றிக்கொண்டது. 1962 சீனப் போருக்குப் பின் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை தயாரித்த 1ஏ1 இரண்டிலிருந்தும் எடுத்துத் தனி அளவானது. அதன் பல பாகங்கள் அவை எதிலும் சேராது. ஒரே வகைக்குள்ளும் குழலைக் கழற்றி மாட்டுவது எளிதல்ல. தோட்டாவின் அடிக்கும் பூட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் துப்பாக்கிக்குத் துப்பாக்கி அளந்து சரிசெய்தாக வேண்டும். அது தவறினால் வெடிக்கும் தோட்டாக் கூடு சுடுபவர் முகத்தருகே கிழியும். அதனால்தான் இந்த வேலை துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கப் பயிற்சி பெற்ற ஆர்மரர் கையில் மட்டும் இருக்கிறது.

எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை ஒன்று உண்டு. எஸ்.எல்.ஆரின் பின் குறியில் 600 வரை அளவு போட்டிருப்பதால் அதற்கு மேல் தோட்டா போகாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் குறிபார்ப்பதற்கான தூரம். அதன் 7.62 மி.மீ. தோட்டா 3 கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். சுடுதளங்களுக்குப் பின்னால் மலையோ உயர்ந்த மண்மேடோ வைப்பது இதனால்தான். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புக் கூட்டத்தின் மீது காவல்துறை சுட்டதில் எஸ்.எல்.ஆரும் பயன்பட்டது. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். போர்க்களத் தொலைவுக்காகப் பிறந்த துப்பாக்கிக்கு, நிராயுதபாணிகளான மக்கள் நிற்கும் தெருவில் வேலை இல்லை.

பணமிருந்தால் பாகங்களை வாங்கி நாமே ஒன்று சேர்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு வெளிநாட்டுக் காணொளிகளிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் அது நடக்கும். இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பாகமும் ஆயுதமே. தானியங்கி ஏற்றமுள்ள ரைபிளுக்குச் சாதாரணக் குடிமகனுக்கு உரிமம் கிடைக்காது. உரிமமின்றித் துப்பாக்கி செய்வதும், குழலைக் குட்டையாக்குவதும் 2019 திருத்தத்துக்குப் பின் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை தரும் குற்றங்கள். தண்ணீர்க் குழாயில் செய்யும் நாட்டுத் துப்பாக்கியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்தக் குழாய் வெடி அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. பிளந்தால் முதலில் போவது சுட்டவர் விரல்கள். அதோடு 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்ட காட்டுக்குள் அதைக் கொண்டுபோனால் வன உயிரினச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

குறிபார்த்துச் சுடும் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. 4.5 மி.மீ. வாயும் 20 ஜூலுக்கு உட்பட்ட விசையும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் வேண்டாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில்தான். அந்தப் போட்டியில் துப்பாக்கி 5.5 கிலோ வரை கனக்கலாம்; வீரர்கள் அசையாமல் பிடிப்பதற்காக எடை சேர்த்துக்கொள்வதும் உண்டு. வெளியே நீண்டு தெரியும் குழலில் சுழல்வரி உள்ள பகுதி, பெயர்பெற்ற வகைகளில்கூட, 42 சென்டிமீட்டர் அளவுதான். மிச்சமெல்லாம் முன் குறியைத் தாங்கும் வெற்றுக் குழாய்.