ஓசோன் வாயுவும் வார்டின் சுத்தமும்



பிணியாளர் ஒருவர் குணமாகி வீட்டுக்குப் போகிறார். அவர் படுத்திருந்த கட்டிலில் அன்று மாலையே இன்னொருவர் வந்து படுக்கிறார். கட்டில் கம்பியிலும், பக்கத்து மேஜையிலும், கதவின் கைப்பிடியிலும் முந்தியவர் விட்டுச்சென்ற கிருமி பிந்தியவருக்காகக் காத்திருக்கக்கூடும். அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் 8 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். மருந்துக்கு எளிதில் அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் கிருமி உடையவர் இருந்த அறைக்கு அடுத்தபடியாக வந்தவர்களில் 3.9 சதவீதம் பேருக்கு அக்கிருமி வந்து சேர்ந்தது. மற்ற அறைகளில் 2.9 சதவீதம். நூற்றுக்கு ஒருவர்தானே வித்தியாசம் என்று தோன்றும். அந்த ஒருவர் நம் வீட்டாராக இருந்தால் அப்படிச் சொல்லமாட்டோம். இவ்வகைக் கிருமி உலர்ந்த பரப்பில் 7 நாள் முதல் 7 மாதம் வரைகூட உயிரோடிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவேதான், "ஓசோன் மிஷின் வைத்தால் வார்டு முழுவதும் சுத்தமாகிவிடுமாமே, ஒன்று வாங்கித் தரலாமா?" என்று உங்களில் சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாததால் இதை ஒரு பாடமாகவே எழுதுகிறேன்.

நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கின்றன. மூன்று சேர்ந்தால் அது ஓசோன். இடி மின்னலுக்குப் பின்னும், ஜெராக்ஸ் கடையில் இயந்திரம் வெகுநேரம் ஓடியபின்னும் வருகிற கார வாசனை இதுதான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வேதியியல் பேராசிரியராயிருந்த ஷேன்பைன் 1839-இல் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும்போது இந்த வாசனையைக் கண்டுகொண்டார். மணப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரும் இட்டார். பிரான்சின் நீஸ் நகரம் 1906 முதல் குடிநீரைச் சுத்திகரிக்க இதைப் பயன்படுத்தியது.

மூன்றாவது அணு நிலையாக ஒட்டியிருப்பதில்லை. எதன்மேலாவது பாய்ந்து அதை ஆக்ஸிகரணம் செய்துவிட்டே ஓயும். கிருமியின் மேலுறையிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் அது தாக்கும்போது உறை கிழிந்து கிருமி மடிகிறது. மீதியாவது சாதாரண ஆக்ஸிஜன். துடைக்கும் துணி எட்டாத இடுக்குகளுக்கும் வாயு போய்ச் சேரும்.

நம் நாட்டில் ஆபரேஷன் தியேட்டரை மூடிவைத்து, ஃபார்மலினில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டுப் புகை எழுப்புவது நெடுங்கால வழக்கம். கண்ணெரிச்சலும், மேஜைமேல் வெள்ளைப்பொடியும், அதைப் போக்க அம்மோனியாவும் பழைய சிஸ்டர்மார் எல்லாரும் அறிந்தவை. ஃபார்மலின் ஆவி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் தீர்மானித்தது. மிச்சம் வைக்காத ஓசோனின்மேல் பலருடைய கண் விழுந்ததில் வியப்பில்லை.

இனி அளவுக்கு வருவோம். விற்பனைத் தாள்களில் இதைத்தான் காணமுடிவதில்லை.

காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு ஓசோன் இருந்தால் அதை 1 பி.பி.எம். என்பார்கள். அந்த அளவை நிமிடங்களால் பெருக்கினால் கிருமிக்குக் கிடைத்த "டோஸ்" தெரியும். ஜப்பானின் நாரா மருத்துவப் பல்கலைக்கழகம் 2020-இல் கொரோனா வைரஸை வைத்துச் சோதித்தது. 1 பி.பி.எம். ஓசோனில் 60 நிமிடம், அதாவது டோஸ் 60 என்றபோது, வைரஸ் பத்தில் ஒன்று முதல் நூற்றில் ஒன்று வரை குறைந்தது. 6 பி.பி.எம்.-இல் 55 நிமிடம், டோஸ் 330 என்றபோது, ஆயிரத்தில் ஒன்று முதல் பத்தாயிரத்தில் ஒன்று வரை குறைந்தது. கனடா ஆய்வாளர்கள் 2008-இல் 15 வகை பாக்டீரியாக்களை 25 பி.பி.எம்.-இல் 20 நிமிடம் வைத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே குறைந்தன. ஆனால் இடையே சிறிது நேரம் காற்றின் ஈரப்பதத்தை 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றினார்கள். உலர்ந்த காற்றில் ஓசோனின் கை ஓங்குவதில்லை. ஏ.சி. ஓடி வறண்ட அறையில் மிஷினை மட்டும் வைத்துவிட்டு வருவது பாதி வேலைதான்.

12 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடியுள்ள அறை ஏறக்குறைய 34 கன மீட்டர். அதில் 25 பி.பி.எம். இருக்க 1.7 கிராம் ஓசோன் போதும். கேட்பதற்குச் சொற்பம். ஆனால் சுவரும் திரையும் மெத்தையும் அதை விழுங்கிக்கொண்டேயிருப்பதால் மிஷின் அதைவிட மிக அதிகமாய்த் தரவேண்டும்.

இப்போது மறுபக்கம். வேலை செய்பவர் 8 மணி நேரம் இருக்கும் இடத்தில் ஓசோன் 0.1 பி.பி.எம்.-க்கு மேல் போகலாகாது என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புச் சட்டம். 5 பி.பி.எம். உடனடியாக உயிருக்கு ஆபத்தான அளவென்று வகுத்திருக்கிறார்கள். 25 என்பது அதற்கு ஐந்து மடங்கு! கிருமியின் உறையைக் கிழிக்கிற அதே வேலையை அது நுரையீரலின் மெல்லிய சவ்விலும் செய்யும். எனவே அறையில் நோயாளி, துணையாள், ஆயாம்மா, மீன்தொட்டி எதுவும் இருக்கக்கூடாது. கதவிடுக்கும் ஏ.சி. குழாயும் டேப் ஒட்டி அடைக்கப்படவேண்டும். கதவு பூட்டி, சாவி ஒருவர் கையில் மாத்திரம் இருக்கவேண்டும்.

எப்போது திறப்பது? 25-லிருந்து 0.1-க்கு இறங்க ஓசோன் எட்டு முறை பாதியாகவேண்டும். ஒருமுறை பாதியாக 20 நிமிடம் என்று கொண்டால் 2 மணி 40 நிமிடம். வெளியேற்றும் விசிறியோ, ஓசோனை உடைக்கும் வடிகட்டியோ இருந்தால் நேரம் குறையும். வாசனை போய்விட்டதே என்று மூக்கை நம்பலாகாது. சிறிது நேரத்தில் மூக்கு மரத்துப்போகும். அளந்து காட்டும் மீட்டர் வேண்டும்.

வார்டில் வேலை செய்கிறவர்களுக்காக இரண்டு காரியங்கள். ஓசோன் ரப்பருக்குச் சத்துரு. இயற்கை ரப்பர் கையுறை, பி.பி. கருவியின் குழாய், ரப்பர் ஷீட் ஆகியவை நாளடைவில் விண்டு வெடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கண்ணாடி, சிலிகான் தாங்கும். மற்றது, பைன் எண்ணெய் கலந்த ஃபினாயிலாலோ, எலுமிச்சை மணமுள்ள திரவத்தாலோ தரையைத் துடைத்த கையோடு ஓசோனை விடவேண்டாம். அந்த மணப்பொருளும் ஓசோனும் சேர்ந்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும். எதை விட்டு ஓடினோமோ அதுவே கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடும்.

காய்ந்த இரத்தம், சளி, சீழ் இவற்றின் அடியிலிருக்கும் கிருமியை வாயு தொடாது. மேலேயுள்ள அழுக்கோடு போராடியே அது தீர்ந்துபோகும். ஆகவே முதலில் சோப்பும் தண்ணீரும் துணியும், அப்புறந்தான் ஓசோன். வாளியும் கையுமாய் நிற்கிற ஆயாம்மாவின் வேலையை எந்த மிஷினும் எடுத்துக்கொள்ளவில்லை. அதை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் சில சமயம் அவரை மறந்துவிடுகிறார்கள்.

நோயாளிகள் படுத்திருக்கும்போதே இரவும் பகலும் ஓடவிடலாம் என்று சொல்லிச் சிறிய ஓசோன் பெட்டிகளை விற்கிறவர்களும் உண்டு. ஜப்பானின் ஃபுஜிட்டா சுகாதாரப் பல்கலைக்கழகம் 2020-இல் 0.1 பி.பி.எம். ஓசோனே கொரோனா வைரஸை 90 சதவீதத்துக்கும் மேல் குறைத்ததென்று அறிவித்தது உண்மை. ஆனால் அது சோதனைப் பெட்டிக்குள், 80 சதவீத ஈரப்பதத்தில், 10 மணி நேரத்தில் நடந்தது. ஆட்கள் தங்கும் மூடிய இடத்தில் இப்படிப்பட்ட கருவிகளால் ஓசோன் 0.05 பி.பி.எம்.-க்கு மேல் சேரக்கூடாதென்பது அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் விதி. ஆஸ்துமாக்காரரும் குழந்தைகளும் படுத்திருக்கும் வார்டில் அந்தப் பெட்டி எனக்கு வேண்டாம். இலவசமாய்க் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கித் தர விரும்புகிற நண்பர்கள் விற்பனையாளரிடம் மணிக்கு எத்தனை கிராம் ஓசோன் தரும், ஈரமூட்டும் கருவி உண்டா, முடிவில் ஓசோனை உடைக்கும் அமைப்பு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மீட்டரையும் அதே பில்லில் சேர்த்துவிடுங்கள். பணம் போதாவிட்டால் மீட்டர் இல்லாத மிஷினை வாங்கவேண்டாம். அந்தத் தொகையில் துடைப்பான்களும், கிருமிநாசினியும், இன்னொரு ஆயாம்மாவுக்குச் சில மாதச் சம்பளமும் கொடுங்கள்.