பிரெஞ்சு மொழியில் செயப்பாட்டு வினை

பிறமொழி இலக்கணம் ஒன்றைச் சிறிது நோக்குதல் நம் மொழியின் இயல்பை உணர்தற்குத் துணையாகும் என்று கருதி, தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய நாம் பிரெஞ்சு இலக்கணத்தைக் கையிலெடுத்தோம். எடுத்த சின்னாட்களிலேயே இடறினோம். 'எல் ஏ வெனூ' என்னும் தொடருக்கு 'அவள் வரப்பட்டாள்' என்று பொருள் எழுதினோம். உடன்பயில்வார் நகைத்தனர். அதன் பொருள் 'அவள் வந்தாள்' என்பதே. அந்நகைப்பே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

தமிழில் செயப்பாட்டு வினையை ஆக்குவது 'படு' என்னும் துணைவினை. பிரெஞ்சில் அவ்விடத்து நிற்பது 'இரு' எனப் பொருள்படும் 'எத்ர்' என்னும் வினை. அதனை அடுத்து முதல்வினையின் இறந்தகால எச்சம் வரும். 'மாரீ ஊவ்ர் லா போர்த்' என்றால் மாரீ என்பாள் கதவைத் திறக்கிறாள் என்பது பொருள். இது செயப்பாட்டில் 'லா போர்த் ஏ ஊவேர்த் பார் மாரீ' என நிற்கும். கதவு மாரீயால் திறக்கப்படுகிறது என்பதாம். 'ஏ' என்பது 'எத்ர்' வினையின் நிகழ்கால வடிவம். 'பார்' என்பது நம் 'ஆல்' உருபின் தொழிலைச் செய்யினும், பெயர்க்கு முன்னே நிற்பது. அன்பு முதலிய உள்ளநிலைகளைக் குறிக்கும் வினைகளோடு 'பார்' என்பதற்கு ஈடாக 'த' என்பது பெரிதும் வரும்.

காலத்தைக் காட்டுவது 'எத்ர்' ஒன்றே. 'லா போர்த் ஸெரா ஊவேர்த்' எனின் கதவு திறக்கப்படும். 'லா போர்த் ஆ எதே ஊவேர்த்' எனின் கதவு திறக்கப்பட்டது. எச்சமோ காலத்தால் மாறாது, எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் இயைய மாறும். பிரெஞ்சில் கதவு பெண்பால், ஆதலின் 'ஊவேர்த்'. புத்தகம் ஆண்பால், ஆதலின் 'ல லீவ்ர் ஏ ஊவேர்'. அஃறிணைக்கு ஆண் பெண் வகுத்தறியாத நமக்கு இது பழகவேண்டிய ஒன்று.

இனி, நாம் இடறியது எங்ஙனம்? வருதல், போதல், பிறத்தல், இறத்தல் முதலிய சில வினைகள் செய்வினையாய் இறந்தகாலம் காட்டுதற்கும் 'எத்ர்' வினையையே துணைகொள்ளும். வடிவம் ஒன்று, பொருள் வேறு. வேறுபாடறிய வழி யாது? அவ்வினை செயப்படுபொருளை ஏற்குமா என்று வினவுக. 'வா' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்குச் செயப்பாடு இல்லை. நம் இலக்கணத்தை நினைந்திருப்பின் நகைப்புக்கு இடமாகியிரோம்.

ஆங்கிலம் பயின்றாரை மயக்கும் இடமும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் கொடைபெற்றவனையே எழுவாயாக்கி 'நான் ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டேன்' என்னும் முறையிற் கூறலாம். பிரெஞ்சில் அது பிழை, தமிழிலும் பிழையே. 'எனக்கு ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டது' என்பதே இரண்டற்கும் ஒத்த நெறி.

மேலும், பேச்சில் பிரெஞ்சுமக்கள் செயப்பாட்டு வினையைப் பலவிடத்தும் தவிர்ப்பர். செய்தவன் இன்னான் என்று கூறவேண்டாவிடத்து, 'ஒருவர்' எனப் பொதுவாய்ப் பொருள்படும் 'ஓன்' என்பதை எழுவாயாக்குவர். இன்றேல், 'தன்னை' எனப் பொருள்தரும் 'ஸ' என்பதை வினையொடு சேர்ப்பர். 'ல ரீ ஸ வான் பியேன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அரிசி தன்னை நன்றாய் விற்கிறது' என வரும். இது கண்டு வியக்க வேண்டா. நாமும் கடைத்தெருவில் 'அரிசி நன்றாய் விற்கிறது' என்கிறோம் அன்றோ? விற்கப்படும் பொருளை விற்பதுபோலக் கூறும் இம்மரபைத் தொல்காப்பியர் வினையியலில் உடன்பட்டுள்ளார்.

இறுதியாக ஒன்று. செயப்பாட்டு வினை செய்தவனை மறைக்கவும் வல்லது. விடுதியில் விளக்கு உடைந்தால் 'விளக்கு உடைக்கப்பட்டது' என்போம். 'நாம் உடைத்தோம்' என்னோம். இலக்கணம் இதனைப் பிழை என்று கூறாது. ஆயின், பிரெஞ்சுத் தொடரைச் செய்வினைக்கு மாற்றிப் பயிலுந்தோறும் 'செய்தவன் யார்?' என்று வினவ நேர்கிறது. அவ்வினாவைப் பயிற்சித்தாளோடு விட்டுவிடாது, நாம் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்போமாக. பெயர் கூறத் தக்கவிடத்துப் பெயர் கூறுவோம். அப்பெயர் நமதே ஆயினும்.