வாடகைக்கு விட்ட வீடும் சங்கக் கணக்கும்

கடலூர், சிதம்பரம் ஆகிய நகரங்களை அடுத்த கிராமங்களில் வசிக்கும் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுள் சிலர், நிலத்தோடுகூட நகரத்தில் ஒரு சிறு வீட்டையோ, கடைத்தெருவில் ஓர் அறையையோ உடையவர்களாயிருக்கின்றனர். தகப்பனார் வைத்துப்போன வீடு சிலருடையது. அறுவடையில் மிச்சம் பிடித்தும் கடன் வாங்கியும் கட்டியது மற்றுஞ் சிலருடையது. மழை பொய்த்தாலும், நெல் விலை இறங்கினாலும், மாதந்தோறும் குடிக்கூலி வந்துகொண்டிருக்கும் என்னும் தைரியத்திலேயே அவர்கள் அதனை வாடகைக்கு விடுகின்றனர். அந்தத் தைரியம் நியாயமானதே. ஆனால், அவ்வீடே கடனுக்கும் வழக்குக்கும் காரணமாய் முடிவதும் உண்டு.

இவ்வாறு முடியுமிடத்துக் குடித்தனக்காரர்மீது பழி சொல்லுதல் வழக்கம். ஆராய்ந்து பார்த்தால், பெரும்பாலும் இரண்டு குறைகளே தென்படும். ஒன்று, வாடகை முழுவதையும் வருமானமென்று எண்ணிச் செலவழித்தல். மற்றொன்று, எதனையும் எழுதாமல் வாய்ச்சொல்லில் நடத்துதல். லாபம் முழுவதையும் பங்கிட்டுக்கொள்ளாத சங்கத்தில், ரசீதில்லாமல் ஒரு ரூபாயும் கைமாறாத சங்கத்தில் இருப்பவர்களே, தம் சொந்த வீட்டு விஷயத்தில் இவ்விரண்டு விதிகளையும் மறந்துவிடுகின்றனர். சங்கத்துக்கு நல்லது வீட்டுக்கும் நல்லது என்பதே இப்பாடத்தின் சாரம்.

1. உண்மையான வருமானம் எவ்வளவு?

சிதம்பரத்தில் ஒருவருக்கு மாதம் 6,000 ரூபாய் வாடகை வரும் வீடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருஷத்திற்கு 72,000 ரூபாய் என்று அவர் கணக்கிடுவார். ஒரு குடித்தனம் போய் மற்றொரு குடித்தனம் வருவதற்குள் ஒரு மாதம் வீடு பூட்டிக்கிடந்தால் 6,000 ரூபாய் குறையும், மீதி 66,000. வீட்டு வரி, தண்ணீர் வரி முதலியவற்றிற்கு 4,000 ரூபாய் போனால் 62,000. வெள்ளையடித்தல், குழாய், கதவு, மேல்தளம் முதலிய சில்லறைப் பழுதுகளுக்கு 8,000 ரூபாய் வைத்தால் 54,000.

இத்துடன் கணக்கு முடிந்துவிடவில்லை. 1912-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கச் சட்டம், நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கிய பின்னரே மீதியைப் பங்கிடலாம் என்று விதித்தது. கெட்ட வருஷத்தில் சங்கம் சாயாமல் நிற்கவேண்டுமென்பதே அதன் நோக்கம். வீட்டிற்கும் கெட்ட வருஷம் உண்டு. ஆகையால் 54,000 ரூபாயில் நாலில் ஒரு பங்காகிய 13,500 ரூபாயைத் தனியே வைப்பின், கைச்செலவுக்கு நிற்பது 40,500 ரூபாய். அதாவது மாதம் 3,375 ரூபாய்.

மாதம் 6,000 ரூபாய் வருகிறதென்று நம்பி, 5,000 ரூபாய் தவணையுள்ள கடனை அவர் எடுத்திருந்தால், மாதந்தோறும் 1,625 ரூபாய் துண்டு விழும். அதை ஈடுகட்ட நெற்பணத்தில் கை வைப்பார். பிறகு பயிர்க்கடன் பாக்கி நிற்கும். வீடும் நிலமும் சேர்ந்து கெடுவது இவ்விதமாகவே. வருமான வரிச் சட்டமுங்கூட, வாடகையில் நகராட்சி வரியைக் கழித்தபின் நூற்றுக்கு 30 பங்கை வருமானமாய்க் கொள்ளாது தள்ளிவிடுகிறது. வரி வாங்கும் சர்க்காரே வாடகை முழுவதையும் வருமானமென்று கருதாதபோது, வீட்டுக்காரர் அவ்வாறு கருதுவது எங்ஙனம் பொருந்தும்?

ஒதுக்கிய பணத்தை வீட்டிலுள்ள பெட்டியில் வைத்தால் அது நில்லாது. சங்கத்திலோ மத்தியக் கூட்டுறவு வங்கியிலோ தனிக் கணக்கில் போட்டு, பழுதுக்கன்றி வேறெதற்கும் எடுப்பதில்லையென்று உறுதி செய்துகொள்ளவேண்டும். ஐந்து வருஷத்தில் வட்டி நீங்கலாக 67,500 ரூபாய் சேர்ந்திருக்கும்.

2. போக்கியப் பணம்

மாத வாடகைக்குப் பதிலாக ஒரு பெருந்தொகையை மொத்தமாய் வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று வருஷத்திற்கு வீட்டைப் போக்கியத்துக்கு விடும் வழக்கம் இப்பக்கங்களில் பரவியுள்ளது. வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. கெடு முடிந்தவுடன் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். பெண்ணின் கலியாணத்திற்கோ வைத்தியச் செலவிற்கோ பணம் வேண்டியிருக்கும் சமயத்தில் இது மிகவும் எளிதான வழியாகத் தோன்றும்.

மேற்கூறிய வீட்டிற்கே 3 லட்சம் ரூபாய் போக்கியம் வாங்கிக் கலியாணத்தில் செலவாகிவிட்டதென்று கொள்வோம். மூன்று வருஷம் வாடகை வராது. கெடு முடிந்ததும், புதிதாய் ஒருவர் கிடைத்தால் அவர் பணத்தை வாங்கி முந்தினவருக்குக் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால், வெளியில் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்க நேரிடும். 3 லட்சத்திற்கு வட்டி மாதம் 6,000 ரூபாய். அதாவது அவ்வீட்டின் வாடகை முழுவதும் வட்டிக்கே சரி. அன்றுமுதல் அது அவருடைய வீடன்று. வட்டிக்கடைக்காரருக்காக அவர் காவல் காக்கும் வீடு.

ஆகையால், போக்கியப் பணம் வருமானமன்று, கடன் என்பதை முதலில் உணரவேண்டும். திருப்பிக் கொடுக்கும் வழி இன்னதென்று தெரியாமல் வாங்கலாகாது. வாங்கியே தீரவேண்டுமாயின், அதற்கான பத்திரம் ஒழுங்காயிருத்தல் வேண்டும். 100 ரூபாயும் அதற்கு மேலும் அசலுள்ள அடமானத்தைப் பதிவு செய்த பத்திரத்தினாலேயே எழுதவேண்டுமென்று 1882-ஆம் வருஷத்திய சொத்து மாற்றுச் சட்டம் கூறுகிறது. வெறுந்தாளில் எழுதிக்கொண்டால், பணங் கொடுத்தவரும் வீடு கொடுத்தவரும் ஒருங்கே சங்கடப்படுவர்.

3. எழுத்தில் இருக்கவேண்டியவை

யுத்த காலத்தில் வீடுகளுக்கு ஏற்பட்ட நெருக்கடியை ஒட்டி, சென்னை மாகாணத்தில் 1946, 1949-ஆம் வருஷங்களில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் ஏற்பட்டன. பின்னர் 1960-ஆம் வருஷத்திய சட்டம் நெடுங்காலம் அமலில் இருந்தது. அச்சட்டத்தின்படி, மனுச் செய்துகொண்டால் நியாய வாடகை இன்னதென்று அதிகாரியே நிர்ணயிக்கக்கூடியதாயிருந்தது. அதற்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷத்தில் நிறைவேறிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய சட்டம் 22-2-2019 முதல் அமலுக்கு வந்தது. இப்பொழுது வாடகை இன்னதென்று கூறுவது இருவரும் செய்துகொள்ளும் ஒப்பந்தமே. ஆகையால் ஒப்பந்தம் எழுதாதவருக்கு ஊன்றுகோலில்லை.

ஒப்பந்தம் செய்த 90 நாட்களுக்குள், டிப்டி கலெக்டர் பதவிக்குக் குறையாத உத்தியோகஸ்தராகிய வாடகை அதிகாரியிடம் அதனைப் பதிவு செய்யவேண்டும். ஒரு வருஷத்திற்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் கச்சேரியிலும் பதிவு செய்யவேண்டுமென்பது 1908-ஆம் வருஷத்திய பதிவுச் சட்டம். இதைக் கருதியே பலர் பதினொரு மாதப் பத்திரம் எழுதுகின்றனர். பதினொரு மாதப் பத்திரமாயினும் வாடகை அதிகாரியிடம் செய்யவேண்டிய பதிவு நீங்கிவிடாது என்பது கவனிக்கத்தக்கது.

எழுதுமுன், வீடு யார் பெயரில் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுதல் அவசியம். காலஞ்சென்ற தகப்பனார் பெயரிலேயே வரியும் மின் இணைப்பும் இருக்க, சகோதரர் நால்வரில் ஒருவர் மாத்திரம் வாடகை வாங்குவாராயின், வழக்கு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. மற்ற வாரிசுகளின் சம்மதத்தை முதலில் எழுத்தில் பெறவேண்டும்.

ஒப்பந்தத்தில் கீழ்க்கண்டவை தவறாது இருக்கவேண்டும்:

(அ) இரு திறத்தாரின் பெயரும் நிரந்தர விலாசமும். விடப்படும் பகுதி இன்னது, குடியிருப்போர் இத்தனை பேர் என்பது.

(ஆ) வாடகைத் தொகை, கொடுக்கவேண்டிய தேதி, உயர்த்தும் காலமும் அளவும்.

(இ) முன்பணம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாய்க் கண்டாலன்றி, இது மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது.

(ஈ) மின்சாரத்திற்குத் தனி மீட்டர் உண்டா, இல்லையாயின் கட்டணத்தைப் பங்கிடும் முறை யாது, தண்ணீர் மோட்டாரின் செலவு யாரைச் சேர்ந்தது என்பவை.

(உ) எந்தப் பழுது வீட்டுக்காரருடையது, எது குடியிருப்பவருடையது என்பது.

(ஊ) காலி செய்ய இரு திறத்தாரும் கொடுக்கவேண்டிய முன்னறிவிப்பு.

சாவி கொடுக்கும் நாளில் சுவர், கதவு, விளக்கு, குழாய் முதலியவற்றின் நிலையை ஒரு ஜாபிதாவாக எழுதி இருவரும் கையொப்பமிடவேண்டும். புகைப்படமும் எடுத்து வைக்கலாம். காலி செய்யும் நாளில் முன்பணத்தைப்பற்றி எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தாளினால் தீர்ந்துவிடும். வாடகை கைபேசி வழியாக வந்தாலும் ரசீது கொடுப்பதை விடலாகாது.

4. குடித்தனக்காரரும் அவர் உரிமையும்

சிதம்பரத்திற்குக் கிழக்கே அண்ணாமலைநகரில் 1929-ஆம் வருஷத்தில் சர்வகலாசாலை ஏற்பட்டது முதல், மாணவர்கள் வாடகை வீடுகளைத் தேடி வருகின்றனர். நாலைந்து மாணவர் சேர்ந்து எடுக்கும் வீட்டிற்கு, ஒவ்வொருவருடைய கையொப்பமும் பெற்றோர் விலாசமும் பெறுதல் நலம். ஒருவர் படிப்பு முடிந்து போய்விட்டால் அவர் பங்கு யாரைச் சேரும் என்பதையும் எழுதவேண்டும். கோடை விடுமுறையில் வீடு காலியாயிருக்கக்கூடும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். வீட்டைப் பெண்கள் விடுதியாக மாற்ற எண்ணுவோர், 2014-ஆம் வருஷத்திய சட்டப்படி கலெக்டரிடம் லைசென்சு பெறாமல் தொடங்கலாகாது. கடலூரில் மஞ்சக்குப்பத்துக் கச்சேரிகளிலும், சிதம்பரம் சாலையிலுள்ள சிப்காட் தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்போர் வாடகைக்கு வருகின்றனர். இவர்களுக்குச் சம்பளம் வரும் நாளை ஒட்டி வாடகைத் தேதியை அமைத்தால் பாக்கி விழாது.

வாடகை நின்றால் கோபங்கொண்டு தண்ணீரை அடைப்பதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும், பூட்டின்மேல் பூட்டுப் போடுவதும் குற்றத்தைத் தம்மீதே வருவித்துக்கொள்வதாகும். 2017-ஆம் வருஷத்திய சட்டம் இவ்வித வசதிகளை நிறுத்துவதைத் தடுக்கிறது. வீட்டைப் பார்வையிட வேண்டுமாயினும் 24 மணி நேரத்திற்கு முன் அறிவிக்கவேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீசு கொடுத்தும் செலுத்தாவிடின், வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்துகொள்ளலாம். அனுமதியின்றி உள்வாடகைக்கு விட்டாலும் அவ்வாறே. அங்கே பேசுவது குரலன்று, எழுதிய ஒப்பந்தமும் ரசீதுப் புத்தகமுமே.

மனுவிற்குப் போகுமுன் ஒருமுறை நேரிற்சென்று விசாரித்தல் அழகு. வேலை போயிற்றா, வீட்டில் நோயா என்று அறிந்து, பாக்கியைத் தவணையாக்கி எழுதி வாங்கினால், நல்ல குடித்தனம் நிலைத்து நிற்கும். தவணை தப்பிய அங்கத்தினரைச் சங்கம் எவ்வாறு நடத்தவேண்டுமென்று ஒருவர் விரும்புவாரோ, அவ்வாறே அவரும் தம் குடித்தனக்காரரை நடத்தவேண்டும்.

5. ஐப்பசிக்கு முன்

கடலூர் ஜில்லாவில் வீடு வைத்திருப்போர் கார்காலத்தை மறந்து கணக்கிட முடியாது. 30-12-2011-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2015-ஆம் வருஷத்தில் கனமழையால் ஜில்லா வெள்ளக்காடாயிற்று. 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில், பெஞ்சல் புயல் மழையை அடுத்துத் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பகுதிகளில் புகுந்தது. சிதம்பரம் தாலுகாவிலோ தெற்கே கொள்ளிடமும் வடக்கே வெள்ளாறும் உள்ளன.

ஆதலின், புரட்டாசி முடிவதற்குள் வீட்டுக்காரர் நேரிற்சென்று, மேல்தளத்து நீர்ப்போக்கிகளைச் சுத்தம் செய்வித்து, ஓட்டு வீடாயின் ஓடு மாற்றி, சாய்ந்த மரக்கிளைகளை வெட்டி, வடிகாலைத் திறந்துவிடவேண்டும். மின் மீட்டரையும் சுவிச்சுப் பெட்டியையும் முன் வருஷங்களில் வெள்ளம் நின்ற அடையாளத்திற்கு மேலே அமைப்பது உயிரைக் காக்கும். கடற்காற்றினால் துருப்பிடித்த கம்பி தளத்தில் தெரிந்தால், சுண்ணாம்பு பூசி மறைக்காமல் உடனே கொத்தனாரிடம் காட்டவேண்டும். இன்று சில ஆயிரத்தில் முடியும் வேலை நாளை தளத்தையே மாற்றும் வேலையாகும். பத்திரங்களையும் ஒப்பந்தத்தையும் நகலெடுத்து வேறோர் இடத்தில் வைக்கவேண்டும்.

வெள்ளத்தினாலோ புயலினாலோ வீடு அடியோடு குடியிருக்கத் தகாததாகிவிட்டால், குத்தகையை ரத்துச் செய்துகொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டென்று சொத்து மாற்றுச் சட்டம் கூறும். சில நாள் மட்டும் தண்ணீர் நின்ற வீட்டிற்கு அந்நாட்களின் வாடகை உண்டா இல்லையா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுதல் நன்று. வெள்ளம் வடிந்த மறுவாரம், நனைந்த பாயும் நெல்லுமாய் நிற்கும் குடும்பத்தினிடம் அதைப்பற்றி வாதாடுவது இரு திறத்தாருக்கும் கஷ்டம். முற்கூறிய சேமநிதி வேண்டுவது அப்பொழுதுதான். அது உள்ளவர் பழுதுபார்த்து மறுமாதமே வாடகை பெறுவார்; இல்லாதவர் கடன் வாங்குவார், அல்லது போக்கியத்துக்கு விடுவார்.

முடிவு

வீடு ஒன்றே உடையவருக்கு அது முதுமையில் உதவும் பிள்ளை போன்றது. நிலத்திற்கு எருவிடாமல் விளைவை மட்டும் எடுப்பவரைக் கிராமத்தார் விவேகியென்று சொல்லார். வாடகையில் நாலில் ஒரு பங்கை வீட்டிற்கே திருப்பி வைப்பதும், சொன்னதையெல்லாம் எழுதி வைப்பதும், வீட்டிற்கு இடும் எரு.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. உம்முடைய வீட்டின் சென்ற வருஷ வாடகையில், வரி, பழுது, பூட்டிக்கிடந்த மாதம் ஆகியவற்றைக் கழித்தபின் நின்றது எவ்வளவு?

2. போக்கியப் பணம் வாங்கியிருப்பின், கெடு முடியும் நாள் எது? திருப்பிக் கொடுக்கும் வழி யாது?

3. வாடகை ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா? வீட்டு வரி ரசீது யார் பெயரில் வருகிறது?

4. அடுத்த ஐப்பசிக்குள் முடிக்கவேண்டிய பழுதுகள் யாவை? அதற்கான பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?