எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: முன்னும் பின்னும்

நமது சங்கக் குடும்பங்களில் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "உடம்பு இளைக்க ஆபரேஷன் செய்கிறார்களாமே, அது நல்லதா, கெட்டதா?" என்பதே அது. நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆனால் 2023-ல் என் தங்கைக்கு இந்தச் சிகிச்சை நடந்தபோது, முதல் ஆலோசனை நாள் தொடங்கி ஓராண்டுக் காலம் கூடவே இருந்து, மருத்துவர்கள் சொன்னதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டேன். அவற்றை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன். முடிவு செய்ய வேண்டியவர் அவரவர் மருத்துவரே.

வாயைக் கட்டினால் போதாதா?

இதுதான் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு. சிறிதளவு பருமன் உள்ளவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் பெரிதும் உதவும். ஆனால் எடை மிக அதிகமாகிவிட்டவர் பட்டினி கிடந்து இளைக்கும்போது உடல் அதைப் பஞ்ச காலமாகவே எடுத்துக்கொள்கிறது. செலவிடும் சக்தியைக் குறைக்கிறது. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற சுரப்பைக் கூட்டுகிறது. ஆகவே இறங்கிய எடை பலருக்கு மீண்டும் ஏறிவிடுகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்றோ, நாக்கின் அடிமைத்தனம் என்றோ ஏசுவது நியாயமல்ல. என் தங்கை பதினைந்து ஆண்டுகளில் நான்கு முறை இளைத்தாள், நான்கு முறையும் எடை திரும்பியது. நீரிழிவும், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லையும் சேர்ந்தபோதுதான் மருத்துவர் அறுவை சிகிச்சை பற்றிப் பேசினார்.

யாருக்கு ஏற்றது?

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். உயரம் 1.60 மீட்டர் என்றால் வர்க்கம் 2.56. எடை 96 கிலோ என்றால் எண் 37.5.

நம் நாட்டவர்க்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வந்துவிடுவதால், இந்திய மருத்துவர்கள் மேலைநாட்டு அளவைக் காட்டிலும் குறைந்த அளவைக் கொள்கிறார்கள். எண் 37.5-க்கு மேல் இருந்தாலோ, பருமனால் வந்த நோய்களுடன் 32.5-க்கு மேல் இருந்தாலோ அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு. 2022-ல் வெளியான உலக அளவிலான வழிகாட்டுதல் ஆசிய மக்களுக்கு 27.5 முதலே பரிசீலிக்கலாம் என்கிறது.

காப்பீட்டுக் கணக்கு வேறு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதியின்படி, வயது 18 நிறைந்திருக்க வேண்டும். எண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35-க்குக் குறையாமல் இருந்து, கட்டுப்படாத நீரிழிவு, இதயத் தமனி நோய், கடுமையான உறக்க மூச்சடைப்பு போன்றவற்றில் ஒன்றும் இருக்க வேண்டும். இதற்கு உட்படாதவர்க்குப் பணம் கிடைக்காமல் போகலாம். முன் அனுமதியை எழுத்தில் பெற்ற பிறகே தேதி குறியுங்கள்.

இரண்டு முறைகள்

பெரும்பாலும் செய்யப்படுபவை இரண்டு. முதலாவது 'ஸ்லீவ்'. இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைச் சட்டைக் கைபோல் குழாயாக விடுகிறார்கள். கிரெலின் அதிகம் சுரக்கும் பகுதியும் போய்விடுவதால் பசியும் குறைகிறது. வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்க்கு அது கூடவும் செய்யலாம்.

இரண்டாவது 'பைபாஸ்'. இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை அமைத்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். உணவு மாற்றுப் பாதையில் செல்கிறது. நீரிழிவும் கடும் நெஞ்செரிச்சலும் உள்ளவர்க்கு இது பொருந்தும். ஆனால் சத்துக் குறைபாடு இதில் அதிகம். அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் எட்வர்ட் மேசன் 1960-களில் தொடங்கிய முறை இது. அப்போது வயிற்றைத் திறந்து செய்தார்கள். 1990-கள் முதல் சிறு துளைகள் வழியே செய்கிறார்கள்.

ஓரிரு ஆண்டுகளில் மொத்த எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவதை எதிர்பார்க்கலாம்.

அறுவைக்கு முன்

1. ஊரைத் தேர்ந்தெடுத்தல்: நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர்க்கு இது முக்கியம். "சென்னைக்குப் போய்ச் செய்துகொள், அம்மா பார்த்துக்கொள்வாள்" என்பார்கள். அம்மா ஒரு மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பரிசோதனையும் மருந்தும் வாழ்நாள் முழுவதும் தேவை. நீங்கள் வசிக்கும் ஊரில், அறுவை மருத்துவரும் உணவு ஆலோசகரும் ஒருங்கே கிடைக்கும் மருத்துவமனை இருந்தால் அதுவே மேல். வேண்டுமானால் அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ளலாம்.

2. பரிசோதனைகள்: ரத்தம், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, தைராய்டு, இதயம், நுரையீரல், வயிற்று ஸ்கேன், இரைப்பை எண்டோஸ்கோப்பி, வைட்டமின் அளவுகள் ஆகியவை. குறட்டை உள்ளவர்க்கு உறக்கப் பரிசோதனையும் உண்டு. மூச்சடைப்பு இருந்தால் இரவில் காற்றழுத்தக் கருவி பொருத்திப் பழகிய பிறகே மயக்க மருந்து கொடுப்பார்கள்.

3. புகையை விடுதல்: குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே. புகைப்பவர்க்குப் புண் ஆறாது, ரத்தக் கட்டி அபாயமும் கூடும்.

4. மருந்துப் பட்டியல்: சித்த, ஆயுர்வேத மருந்துகளும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, சில நீரிழிவு மாத்திரைகள், எடை குறைக்கும் ஊசிகள் ஆகியவற்றை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

5. இரண்டு வார உணவு: அறுவைக்கு முன் மாவும் கொழுப்பும் குறைந்த, புரதம் மிகுந்த உணவு தருவார்கள். இதன் நோக்கம் கல்லீரலைச் சுருக்குவது. கொழுப்பேறிய கல்லீரல் இரைப்பையின் மேல் கவிந்திருந்தால் துளைவழி அறுவை கடினமாகிறது. "கடைசியாக ஒரு விருந்து" என்று வீட்டில் சமைத்துப் போடுவது அந்த மருத்துவரின் கையைக் கட்டுவதாகும்.

மருத்துவமனையில்

சாதாரணமாக இரண்டு மூன்று நாட்கள். அறுவை முடிந்த அன்றே எழுப்பி நடக்க வைப்பார்கள். கொடுமை என்று எண்ண வேண்டாம். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதைத் தடுக்கவே இந்த நடை. பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியையும் சொன்னபடி இழுக்க வேண்டும்.

உணவுப் படிகள்

இருப்புப் பாதையில் ஜல்லியைச் சலித்துப் புதுப்பித்த பிறகு, முதல் வண்டியை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் விடுவோம். வண்டிகள் ஓடி ஜல்லி இறுகிய பிறகே வேகத்தைப் படிப்படியாக உயர்த்துவோம். தைத்த இரைப்பைக்கும் இதே விதிதான். நாள் கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும். பொதுவான வரிசை இது:

முதல் ஓரிரு நாட்கள்: தண்ணீர், இளநீர், வடிகட்டிய காரமில்லாத பருப்புத் தண்ணீர். ஒரு வாய், சற்று இடைவெளி, மறுபடி ஒரு வாய்.

இரண்டு வாரம் வரை: பால், நீர்மோர், புரதப் பொடி கலந்த பானம், வடிகட்டிய சூப்.

மூன்றாம், நான்காம் வாரம்: மசித்த பாசிப்பருப்பு, தயிர், நன்கு மசித்த முட்டை, காய்கறி மசியல்.

ஐந்து முதல் எட்டு வாரம் வரை: மெத்தென்ற உணவு. மென்மையான பனீர், முள் நீக்கிய வேகவைத்த மீன், ரசத்தில் ஊறிய இட்லி.

அதன் பிறகு வீட்டு உணவு, சிறிய அளவில். குழைந்த சோறும் மென்மையான ரொட்டியும் சிலருக்கு நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். மெதுவாகச் சேர்த்துப் பாருங்கள்.

எப்போதும் நினைவில் கொள்ள வேண்டியவை நான்கு. கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, முன்னும் பின்னும் அரை மணி விட வேண்டும். நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். தட்டில் முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் சோறு.

புரதம் நாளுக்கு 60 கிராமாவது தேவை. நம் உணவில் இதுதான் இடிக்கிறது. இட்லி ஒன்றில் சுமார் 2 கிராம்தான் உண்டு. கால் லிட்டர் பாலில் 8, இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் பனீரில் 18, ஐம்பது கிராம் பருப்பில் 12, இருநூறு கிராம் தயிரில் 7. கூட்டினால் 57. முதல் மாதங்களில் இவ்வளவு உண்ண முடியாது. ஆகவே புரதப் பொடி அவசியமாகிறது.

வாழ்நாள் கடமைகள்

பல்வகை வைட்டமின், பி12, டி, இரும்பு, கால்சியம் ஆகியவை வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மூன்றாம் மாதம் முதல் முடி கொட்டலாம். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். வேகமாக இளைக்கும்போது பித்தப்பையில் கல் சேரலாம் என்பதால் பலருக்கு ஆறு மாதம் மாத்திரை தருவார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளின் அளவு விரைவில் குறையக்கூடும். பழைய அளவிலேயே தொடர்ந்தால் மயங்கி விழ நேரிடும். புரூஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கினால், குறிப்பாக பைபாஸ் செய்தவர்க்கு, குடற்புண் வரும். மது வேகமாகத் தலைக்கேறும், விலக்குவதே நலம். பைபாஸ் செய்தவர் பாயசம், அல்வா போன்றவற்றை உண்டால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரலாம். பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். விரதம் இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் இருக்கக் கூடாது. நீண்ட ரயில் பயணத்தில் மணிக்கொரு முறை பெட்டியில் நடக்கவும், சிகிச்சைச் சுருக்கத்தின் நகலைக் கையில் வைத்திருக்கவும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

காய்ச்சல், ஓய்விலும் 120-க்கு மேல் நாடித் துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி ஆகியவை தையலில் கசிவு இருப்பதைக் காட்டலாம். மூச்சுத் திணறலும், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ரத்தக் கட்டியைக் குறிக்கலாம். கறுத்த மலம் உள்ளே ரத்தம் கசிவதாலும் இருக்கலாம். வாந்தி ஓரிரு நாட்களுக்கு மேல் நீடித்தால் பி1 வைட்டமின் குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படும். இவற்றில் எதற்கும் கைவைத்தியம் பார்க்காமல், அறுவை செய்த மருத்துவமனைக்கே உடனே செல்லுங்கள்.

வீட்டாருக்கு

எங்கள் வீட்டில் என் தங்கைக்கு உடல் வலியைவிடப் பேச்சுதான் அதிகம் வலித்தது. அறுவைக்கு முன் "இவ்வளவு குண்டா?" என்றவர்களே, பின்னர் "ஏன் இப்படி வற்றிப் போனாய், நோயா?" என்றார்கள். இரண்டுக்கும் அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 104 கிலோவாக இருந்தவள் ஓராண்டில் 74 ஆனாள். நீரிழிவு மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. இப்போதும் அவள் மாத்திரையும் நடையும் விடவில்லை. விட்டால் எடை திரும்பும் என்பதை அறிந்திருக்கிறாள்.

பொங்கல் விழாவிலும் திருமணப் பந்தியிலும் இலையில் சிறிதளவு மட்டும் வைக்கச் சொல்பவரைக் கண்டால் காரணம் கேட்காதீர்கள். "இன்னும் கொஞ்சம்" என்று உபசரிக்கவும் வேண்டாம். அவர் கேட்டதை மட்டும் பரிமாறி, மெதுவாகச் சாப்பிட நேரம் கொடுங்கள். நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அதுவே.